குளிர்ந்த காய்கறி க்ரீம் சாலட்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க

கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் செட்டிநாட்டில் எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைத் திறக்கும்போது, சமையல் முழுவதையும் ஒருவர் தலையில் கட்டாமல் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருவது எங்கள் பங்காளி வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மாங்காய் மண்டி (அரிசி கழுவிய நீரில் செய்யும் புளிப்புக் குழம்பு) கொண்டுவருகிறவருக்குக் கவலையே இல்லை. அது ஆற ஆற ருசி ஏறும். க்ரீம் சாலட்டை ஏற்றுக்கொண்டவர்தான் பந்தியில் மூடியைத் திறக்கும் வரை பதறிக்கொண்டிருப்பார். காலையில் கெட்டியாக, வெள்ளை வெளேரென்று இருந்த சாலட் மதியம் மோர் மாதிரி நிற்கும். இல்லையென்றால் பொங்கல்போல இறுகிக் கிடக்கும்.

மேஜையில் தெரியும் கோளாறு மேஜையில் உண்டானதில்லை. காய் வெந்து இறங்கியபின் வரும் அரைமணி நேரத்திலேயே அது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. காயின் சூடும் ஈரமும் போக விட்டோமா இல்லையா என்பதுதான் கேள்வி. கீழே வரும் ஒவ்வொரு கோளாறையும் துருவிக்கொண்டு போனால் பாதிக்கு மேல் இந்த இடத்துக்கே வந்து சேரும்.

முதலில் ஓர் அளவு சொல்லிவிடுகிறேன், பிறகு பேசுவதெல்லாம் இதை வைத்துத்தான். மற்ற பதார்த்தங்களோடு சேர்த்துப் பரிமாறினால் 20 பேருக்குக் காணும். உருளைக்கிழங்கு 1 கிலோ, கேரட் 300 கிராம், பீன்ஸ் 200 கிராம், உரித்த பச்சைப் பட்டாணி 200 கிராம், வெள்ளரிப் பிஞ்சு 300 கிராம், நடுத்தர அளவில் பெரிய வெங்காயம் ஒன்று. கலவைக்கு, துணியில் கட்டி வடித்த தயிர் 300 கிராம், முட்டையில்லாத மயோனைஸ் 150 கிராம், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு தேக்கரண்டி சீனி, உப்பு, கொரகொரப்பாக இடித்த மிளகு. மயோனைஸ் பிடிக்காதவர்கள் 75 கிராம் முந்திரியை ஊறவைத்து வெண்ணெய்போல் அரைத்துச் சேர்க்கலாம். எனக்கு முந்திரிதான் பிடிக்கும். வெயிலில் அது மயோனைஸைவிட நிதானமாக நிற்கிறது, பெரியவர்களும் தயங்காமல் போட்டுக்கொள்கிறார்கள்.

அடியில் தண்ணீர் நிற்கிறது

எல்லாரும் கேட்பது இதைத்தான். உடனே கரண்டியை விட்டுக் கிளறாதீர்கள். கிளறினால் தண்ணீர் கலவைக்குள் கலந்துவிடும், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஓரத்தில் சேரும் நீரைத் தேக்கரண்டியில் எடுத்துப் பாருங்கள், கொஞ்சம் நாக்கிலும் வையுங்கள்.

நீர் தெளிவாக, லேசான மஞ்சள்பச்சையாக, புளிப்பாக இருந்தால் தயிர் விட்ட நீர். உப்புக் கரித்து வெள்ளரி வாசம் வந்தால் வெள்ளரி விட்ட நீர். கலங்கலாக, சப்பென்று, காய் வேகவைத்த வாசத்தோடு இருந்தால் காயை ஈரத்தோடு கலந்திருக்கிறீர்கள். மேலே எண்ணெய்ப் பொட்டுகள் மின்னினால் இது வேறு கதை. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

தயிர் விட்ட நீர் என்றால் தயிர் போதுமான அளவு வடியவில்லை. ஒரு லிட்டர் கெட்டித் தயிரைக் கட்டி வைத்தால் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்ச வேண்டும். முக்கால் பங்கு மிஞ்சினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நம் ஊர் வெயிலில் தயிரை இரவெல்லாம் அடுப்படிக் கொக்கியில் தொங்கவிடக் கூடாது. நீர் வடிவதற்குள் தயிர் புளித்துவிடும். வடிதட்டில் மெல்லிய பருத்தித் துணியை விரித்துத் தயிரைக் கொட்டி, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, முழுவதையும் ஃப்ரிட்ஜுக்குள் இரவு முழுக்க வையுங்கள். மேலே ஒரு சிறு தட்டும் அதன்மேல் கனமான கிண்ணமும் வைத்தால் வேகமாக வடியும். வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்திலும் சேர்க்கலாம். எருமைப்பால் தயிர் கிடைத்தால் விடாதீர்கள், அது கெட்டி.

நன்றாக வடித்த தயிரையும் கெடுக்கும் இன்னொரு பழக்கம், மிக்ஸியில் போட்டு ஓட்டுவது. தயிர் உறையும்போது பாலின் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு நீரைத் தாங்கி நிற்கிறது. மிக்ஸியின் கத்தி அந்தப் பின்னலை அறுத்துவிட்டால் எவ்வளவு வடித்திருந்தாலும் ஓடத்தான் செய்யும். கரண்டியின் பின்புறத்தாலோ கைமத்தாலோ மெதுவாக மசித்தால் போதும். முந்திரியைத் தனியாக அரைத்துக்கொண்டு தயிரில் சேருங்கள். தயிரை மிக்ஸி ஜாருக்கு அனுப்பாதீர்கள்.

வெள்ளரி என்றால், அதன் எடையில் ஏறக்குறைய 95 விழுக்காடு தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அது வெளியே வந்துதான் தீரும். அதனால் கலக்குவதற்கு முன்பே வரவழைத்துவிட வேண்டும். இரண்டாகப் பிளந்து, நடுவில் உள்ள விதைப்பகுதியைத் தேக்கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, சிறு துண்டுகளாக்கி, 300 கிராமுக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்புப் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். பிறகு துணியில் சுருட்டி நன்றாகப் பிழியுங்கள். எவ்வளவு நீர் வருகிறது என்று பார்த்தால், இத்தனையும் சாலட்டுக்குள் போயிருக்குமே என்று தோன்றும். அந்த உப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டு கலவையில் உப்பைக் குறையுங்கள். தக்காளியை இந்தச் சாலட்டில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. அழகுக்கு வேண்டுமானால் பரிமாறும்போது மேலே நாலு துண்டு வைக்கலாம்.

காயின் ஈரம் என்றால் வடிதட்டில் கொட்டிவைப்பது மட்டும் போதாது. வேட்டித் துணியை விரித்து, அதில் காயை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். ஆவி போகப் போக ஈரமும் போகும். ஆறுவதற்குள் மூடி போட்டால் எல்லாம் வீண். ஒரு பொங்கல் விடுமுறையில் வீட்டின் இரண்டாங்கட்டில் நடந்த பேச்சு இது:

“ஆச்சி, ஈ மொய்க்குது, மூடி வச்சிரட்டுமா?”

“சூடு தணியட்டும் ஆத்தா. இப்ப மூடுனா மூடியில முத்துக் கோத்து மறுபடி காய்மேலயே சொட்டும். ஒரு மெல்லிசுத் துணியப் போட்டு மூடு, ஆவி வெளிய போகும், ஈயும் உள்ள வராது.”

அதற்குமேல் விளக்கமே வேண்டியதில்லை.

சரி, பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, சாலட் நீர்த்துவிட்டது, என்ன செய்வது? வடிதட்டில் மெதுவாகக் கொட்டி, ஃப்ரிட்ஜுக்குள் கால்மணி நேரம் வடியவிடுங்கள். அழுத்தக் கூடாது, கிழங்கு நசுங்கும். பிறகு அரைத்த முந்திரி விழுதோ கூடுதல் வடித்த தயிரோ நாலைந்து கரண்டி சேர்த்துப் புரட்டுங்கள். இரண்டும் கையில் இல்லையென்றால் வெந்து ஆறிய ஒரு கிழங்கைக் கட்டியில்லாமல் மசித்துச் சேர்த்தால், அதன் மாவுச்சத்து மிச்ச நீரை வாங்கிக்கொள்ளும். உப்பைக் கடைசியில் மறுபடி பாருங்கள். வடிந்த நீரோடு பாதி உப்பும் போயிருக்கும். பிரெட் தூள், சோளமாவு போன்றவற்றைப் பச்சையாகக் கொட்டிச் சமாளிக்க வேண்டாம். நாக்கில் மாவு மாவாக ஒட்டும்.

எண்ணெய் பிரிந்து மினுங்குகிறது, கலவை திரிதிரியாக இருக்கிறது

மயோனைஸ் என்பது எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக உடைத்து நீரில் மிதக்கவிட்ட கலவை. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் முட்டையின் மஞ்சள்கருவிலோ பாலின் புரதத்திலோ உள்ள பொருள் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. சூடு பட்டால் அந்தப் பிடி தளரும். உறைந்துபோனாலும் உடையும். ஆகவே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். காய் சூடாக இருக்கும்போதே கலந்தீர்களா? ஃப்ரிட்ஜில் இடமில்லை என்று பாத்திரத்தை ஃப்ரீஸருக்குள் தள்ளினீர்களா? காயைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது. இந்தச் சாலட்டுக்கு ஃப்ரீஸர் எப்போதும் ஆகாது. உருகும்போது தயிரும் பிரியும், வெள்ளரியும் கிழங்கும் சொதசொதவென்று ஆகும்.

உடைந்த மயோனைஸ் இன்னும் காயோடு சேரவில்லை என்றால் மீட்கலாம். சுத்தமான கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதும் ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரும் விட்டு அடித்துக்கொண்டே, உடைந்த கலவையை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு மெல்லிய தாரையாகவும் சேருங்கள். கடுகும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்து வைக்கக்கூடியது. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் மறுபடியும் உடையும். காயோடு கலந்தபின் உடைந்திருந்தால் மயோனைஸைப் பழையபடி ஆக்க முடியாது. மேலே நிற்கும் எண்ணெயைச் சாய்த்து எடுத்துவிட்டு, வடித்த தயிர் சேர்த்து ஒப்பேற்றலாம்.

வீட்டில் மயோனைஸ் செய்கிறவர்கள் பச்சை முட்டையைத் தவிர்த்துவிடுங்கள். பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டதற்குக் காரணம், அதில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பெருகி நச்சுணவாகிவிடும் என்பதுதான். அந்தத் தடை கடைகளுக்குத்தான் என்றாலும் கிருமிக்கு வீடு, கடை என்ற வேற்றுமை இல்லை. ஒரு பங்கு குளிர்ந்த பாலும் இரண்டு பங்கு மணமில்லாத எண்ணெயும் குறுகலான ஜாரில் விட்டுக் கை பிளெண்டரால் அடித்தால் கெட்டியாகத் திரண்டு வரும். எலுமிச்சைச் சாற்றையும் உப்பையும் கடைசியில் சேருங்கள். சாறு பட்டதும் இன்னும் இறுகும். மரச்செக்கு நல்லெண்ணெய் இதற்கு வேண்டாம், அதன் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

க்ரீம் சேர்த்துத் திரிந்தால் பெரும்பாலும் எலுமிச்சைச் சாற்றை நேராக க்ரீமில் பிழிந்திருப்பீர்கள். சாற்றைத் தயிரில் கலந்து, அந்தத் தயிரில் குளிர்ந்த க்ரீமைச் சேர்க்க வேண்டும்.

கிழங்கு கரைந்து கூழாகிறது, அல்லது வெளியே வெந்து உள்ளே நறநறக்கிறது

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கொதிக்கிற நீரில் கிழங்கைப் போட்டால் உள்ளே சூடு போவதற்குள் வெளிப்பக்கம் குழைந்துவிடும். குக்கரில் நாலு விசில் விட்டால் சொல்லவே வேண்டாம். ஒரே அளவான கிழங்குகளாகப் பொறுக்கி, தோலோடு, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து நிதானமாக வேகவிடுங்கள். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் கிழங்கு உடையாமல் விறைப்பாக நிற்கும். புளிப்பு, காயின் செல்களை ஒட்டவைக்கும் பசையைக் கரையவிடாது. இதே காரணத்தால் பீன்ஸையும் பட்டாணியையும் அந்த நீரில் போடக் கூடாது. அவை வேகாமல் அடம்பிடிக்கும்.

குக்கர்தான் வசதி என்றால் அடியில் தண்ணீர் விட்டு, கிழங்கை மேலே தட்டில் வைத்து ஆவியில் ஒரு விசில். கத்தியை விட்டால் தடையில்லாமல் இறங்கி, தூக்கினால் கிழங்கு தானாக நழுவி விழ வேண்டும். சூடு தணிந்து லேசான வெதுவெதுப்புக்கு வந்த பிறகே நறுக்குங்கள்.

வாங்கும்போதும் பார்க்க வேண்டும். புதுக்கிழங்கில் ஈரம் கூடுதல், மாவு குறைவு, வடிவம் நிற்கும். பழைய மாவுக்கிழங்கு மசாலாவுக்கும் போண்டாவுக்கும் நல்லது, இதற்கு ஆகாது. நகத்தால் கீறினால் தோல் மெல்லியதாக உரிந்து வருவது புதுக்கிழங்கு. சாலட்டில் கிழங்கு காரணமில்லாமல் இனித்தால் அது குளிர்பதனக் கிடங்கில் வெகுநாள் கிடந்தது. அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். வீட்டிலும் பச்சைக் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

கூழாகிப்போனதை மறுபடி துண்டாக்க வழியில்லை. முழுவதையும் மசித்துவிட்டு, கேரட், பீன்ஸ், பிழிந்த வெள்ளரி மூன்றையும் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, எண்ணெய் தடவிய கிண்ணத்தில் அழுத்திக் குளிரவைத்துத் தட்டில் கவிழ்த்துக் கொடுங்கள். பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளும் விரும்பி எடுப்பார்கள்.

இறுகிக் கட்டியாகிவிட்டது

முதல் நாள் இரவே கலந்து வைக்கிறவர்களுக்கு இது வரும். குளிரக் குளிர மாவுச்சத்து இறுகும், கிழங்கு கலவையை உறிஞ்சும், முந்திரியும் திரளும். கலவையில் கால்பங்கைத் தனியே எடுத்து வைத்திருந்து பரிமாறும்போது சேர்த்தால் தீர்ந்தது. எடுத்து வைக்கவில்லையா, குளிர்ந்த பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுத் தளர்த்துங்கள். தண்ணீர் வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்த்திருந்தால் அதன் கொழுப்பு ஃப்ரிட்ஜ் குளிரில் மெழுகுபோல உறைந்து மணல் மணலாகத் தெரியும். வெளியே பத்து நிமிடம் வைத்துப் புரட்டினால் சரியாகும்.

சப்பென்று இருக்கிறது

“காலையில் ருசி பார்த்தபோது சரியாகத்தானே இருந்தது?” என்று கேட்பவர்கள் அறைச் சூட்டில் ருசி பார்த்தவர்கள். குளிர்ந்த பண்டத்தில் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். ஒரு கரண்டி கலவையைக் கிண்ணத்தில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு ருசி பாருங்கள். அதுதான் பந்தியில் கிடைக்கப்போகும் ருசி.

ஆனால் உப்பை மேலே மேலே போடுவது மருந்தில்லை. கிழங்குக்குள் உப்புப் போகவில்லை என்பதுதான் நோய். வேகும் நீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு இருக்கட்டும். நறுக்கிய கிழங்கு லேசான வெதுவெதுப்பில் இருக்கும்போதே எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு மூன்றையும் பிசறி முழுதாக ஆறவிடுங்கள். அந்த நேரத்தில் சாறு உள்ளே இறங்கும். தயிரும் மயோனைஸும் பிறகு, காய் குளிர்ந்தபின். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பாருங்கள். வேறெதையும் மாற்றாவிட்டாலும் சாலட் வேறு மாதிரி இருக்கும்.

நம் பக்கத்து நாக்குக்கு மிளகு மட்டும் போதவில்லை என்றால், வறுத்துப் பொடித்த சோம்பு இரண்டு சிட்டிகை, விதை எடுத்துப் பொடியாக அரிந்த ஒரு பச்சை மிளகாய். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்பாசி, மராட்டி மொக்கு, பட்டையெல்லாம் சூடான எண்ணெயில்தான் மணம் விடும். குளிர்ந்த தயிரில் பொடியாகத் தூவினால் மண் வாசம்தான் வரும். கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்ட ஆசைப்பட்டால் தாளிப்பு முழுதாக ஆறட்டும்.

கசக்கிறது

அன்னாசி சேர்த்தீர்களா? பச்சை அன்னாசியில் உள்ள ஒரு நொதி பால் புரதத்தை உடைக்கும். அரைமணி கழித்துத் தயிர் கசந்து நீர்த்துப்போகும். பப்பாளியும் அப்படித்தான். அன்னாசி வேண்டும் என்றால் சீனி போட்டு இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், நொதி செத்துவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டது, பயமில்லை.

வெள்ளரியின் காம்புப் பக்கத்தை நறுக்கி ருசி பாருங்கள்; கசப்பு அங்கேதான் கூடுதலாக இருக்கும். வெங்காயத்தை மிக்ஸியில் அரைத்தாலும் கசக்கும். கத்தியால் பொடியாக அரிந்து, ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து சேர்த்தால் காரமும் அடங்கும், மறுநாள் நாற்றமும் வராது. எலுமிச்சையைக் கடைசிச் சொட்டு வரை நசுக்கிப் பிழிந்தாலும் தோலின் கசப்பு இறங்கும்.

களிம்பு வாசம், உலோக ருசி

செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய கோளாறு இது. சீராக வந்த பித்தளைச் சட்டிகள் கிடங்கு நிறைய இருக்கும்போது அதில் ஒன்றில் சாலட்டை வைத்தால் பந்திக்குக் களையாக இருக்குமே என்று தோன்றுவது இயல்பு. ஈயம் பூசாத பித்தளையும் செம்பும் தயிரின் புளிப்பில் கரைந்து களிம்பாகும்; அது வயிற்றுக்குக் கேடு. களிம்பு ஏறிய சாலட்டை மீட்க முடியாது, கொட்டிவிட வேண்டும். அலுமினியமும் வேண்டாம். பழைய எனாமல் கிண்ணம் அருமையானதுதான், உட்பக்கம் சில்லு பெயராமல் இருந்தால். பெயர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடித்து அந்தப் பக்கம் முழுவதும் பழுப்பாகும். மங்குக் கிண்ணம் (பீங்கான்), கண்ணாடி, எவர்சில்வர் மூன்றும் பாதுகாப்பு. மங்குக் கிண்ணத்தை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து எடுத்தால் வெகுநேரம் குளிர்ச்சியைத் தாங்கும்.

நிறம் கெடுகிறது

பீன்ஸும் பட்டாணியும் மங்கிய ஆலிவ் நிறமாவது இரண்டு காரணத்தால்: அதிகம் வெந்தது, அல்லது வெகுநேரம் புளிப்பில் கிடந்தது. மூடி போடாமல் மூன்று நாலு நிமிடம் கொதிக்கவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்துத் துடைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன் கலக்குங்கள். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், காய் குழையும், வாசமும் கெடும், வேண்டாம். பீட்ரூட்டின் நிறம் நீரில் கரையும் என்பதால் என்ன செய்தாலும் சாலட் முழுக்க ரோஸ் நிறமாகத்தான் ஆகும். அது பிடிக்காவிட்டால் மேலே தூவுங்கள். ஆப்பிளை நறுக்கியதும் எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட்டால் கறுக்காது.

புளிப்பு ஏறிவிட்டது

தயிர் குளிரிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டேதான் இருக்கும். லேசான புளிப்பு என்றால் கொஞ்சம் சீனியும் க்ரீமும் சமப்படுத்தும். குமிழி தெரிந்தால், மூடியைத் திறக்கும்போது காற்று ‘புஸ்’ என்று வந்தால், ருசிகூடப் பார்க்காதீர்கள்.

கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் வெதுவெதுத்துவிட்டது

மற்ற கோளாறுகள் ருசியைக் கெடுக்கும், இது ஆளைப் படுக்கவைக்கும். ஆகவே இதை நிதானமாகப் படியுங்கள்.

கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சமைத்த பண்டம் அந்த இடைவெளியில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றியுள்ள சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். மே மாதம் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் வெளியில் 38 டிகிரி சாதாரணம். அதனால் கோடையில் நமக்குக் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. ஆத்தங்குடிக் கல் தளம் காலுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் அதன்மேல் வைத்த பாத்திரம் குளிராது. முற்றத்து நிழலும் அப்படியே.

நேரம் கணக்கிடும்போது காரில் வந்த நேரம், மேஜையில் நின்ற நேரம், பேச்சு நீண்டு பந்தி தாமதமான நேரம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடாது.

சென்னையிலிருந்து ஏழெட்டு மணி நேரம் காரில் வருகிறவர்கள் கலந்த சாலட்டோடு கிளம்பக் கூடாது. வெந்து துடைத்த காயை முந்தைய இரவே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து ஒரு டப்பாவிலும், கலவையை இன்னொன்றிலும், பிழிந்த வெள்ளரியையும் வெங்காயத்தையும் மூன்றாவதிலும் போட்டு, ஐஸ் பெட்டியில் அடியிலும் மேலும் ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள். ஊர் வந்தபின் கலக்கப் பத்து நிமிடம் ஆகும். பெட்டியைத் திறக்கும்போது ஐஸ் முழுக்கக் கரைந்து தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தால், வழியில் எப்போது கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. அதைப் பரிமாற வேண்டாம். முடிந்தால் கிழங்கையும் காயையும் ஊரிலேயே வேகவைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பந்தியில் முழுப் பாத்திரத்தையும் வெளியே வைக்காதீர்கள். அகன்ற பாத்திரத்தில் ஐஸ் கட்டியும் கொஞ்சம் உப்பும் போட்டு, அதற்குள் சாலட் கிண்ணத்தை அழுத்தி வைத்து, பாதியை மட்டும் எடுத்து வையுங்கள். தீர்ந்தபின் காலியான கிண்ணத்தை எடுத்துவிட்டு வேறு கிண்ணத்தில் மிச்சத்தைக் கொண்டுவர வேண்டும். வெயிலில் நின்ற பழையதன்மேல் குளிர்ந்த புதியதைக் கொட்டினால் இரண்டுக்கும் கேடு. கரண்டி தனியாக இருக்கட்டும், மீன் குழம்புக் கரண்டி இதற்குள் வரக் கூடாது.

மின்சாரம் போனால் பதறி ஃப்ரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்தால் 4 மணி நேரம் வரை உள்ளே குளிர்ச்சி தாங்கும். பெரிய வீட்டில் ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் ஓடும் பழைய ஃப்ரிட்ஜ் என்றால், வந்து சேர்ந்த அன்றே போட்டுவிட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரில் வெப்பமானியை நிறுத்தி வைத்து மறுநாள் பாருங்கள். 5 டிகிரிக்குக் கீழே வரவில்லை என்றால் அதை நம்பி இந்தச் சாலட்டைச் செய்ய வேண்டாம். அன்றைக்கு வெள்ளரிப் பச்சடியை அப்போதைக்கப்போது கலந்து கொடுத்துவிடலாம்.

வாசம் நன்றாக இருக்கிறது, ருசியும் மாறவில்லை, கொட்ட மனம் வரவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயைத் தரும் கிருமிகள் பலவும் வாசத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. அவற்றில் சில விடும் நச்சு, சூடுபடுத்தினாலும் அழியாது. வீட்டில் ஐயாவும் ஆயாவும், கைக்குழந்தையும், பிள்ளைத்தாச்சிப் பெண்ணும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தாக்கும். கலக்காமல் குளிரிலேயே இருந்த காய் மிஞ்சினால் இரவுக்குத் தேங்காய் சோம்பு அரைத்துவிட்டுக் கூட்டோ பிரட்டலோ செய்யுங்கள். மேஜையில் நேரம் தாண்டி நின்ற சாலட்டை, ஒரு கரண்டிகூடக் குறையாமல் இருந்தாலும், கொட்டிவிடுங்கள்.